மலையடி வீட்டில் சங்கீதம் 104



மும்பையின் முலுண்ட் மேற்குப் பகுதியில், வீடுகள் முடிந்து மலை தொடங்குகிற இடத்தில் எங்கள் சபையின் குடும்பம் ஒன்று வாழ்கிறது. சாலையிலிருந்து எழுபதுக்கு மேற்பட்ட படிகள் ஏறவேண்டும். ஐம்பதைக் கடந்த எனக்கு, நடுவில் ஒருமுறை நின்று மூச்சு வாங்காமல் அங்கே போய்ச்சேர முடிவதில்லை. வீடு என்றால் இரண்டு அறைகள். முன்னால் நான்கடி அகலமுள்ள ஒரு முற்றம். பின்புறம் ஒரு சந்து. அதற்கு அப்பால் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் காடு.

அந்த வீட்டின் மூத்த சகோதரிக்கு வயது எழுபதை நெருங்குகிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து மணப்பெண்ணாக மும்பைக்கு வந்தவர்கள். கணவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்துவிட்டார். இப்பொழுது மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்கள். அந்த நான்கடி முற்றத்தில் பெயிண்ட் டப்பாக்களிலும், உடைந்த வாளிகளிலும், மீன்காரர் தூக்கி எறிந்த தெர்மோகோல் பெட்டிகளிலும் அவர்கள் வளர்த்திருப்பவற்றை எண்ணிப்பார்த்தேன். கறிவேப்பிலை, கற்பூரவல்லி, செம்பருத்தி, மல்லிகை, அந்திமந்தாரை, மிளகாய், கத்தரி, சேம்பு. சுவரோரத்தில் ஒரு பப்பாளி. அந்தப் பப்பாளி மரத்திற்குக் காட்டிலிருந்து குரங்குகள் வரும். "பத்தில் ஒன்று கர்த்தருக்கு, பத்தில் ஐந்து குரங்குக்கு, மீதிதான் எங்களுக்கு ஐயா" என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

சில மாதங்களுக்கு முன் அந்த வீட்டில் குடும்ப ஜெபம் முடிந்து நான் புறப்படுகையில், அந்தத் தாயார் என்னைத் தனியே அழைத்து, "ஐயா, ஒரு காரியம் கேட்கவேண்டும், மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது" என்றார்கள்.

"சொல்லுங்கம்மா" என்றேன்.

"காலை ஐந்தரை மணிக்கு ஜெபிக்கலாம் என்று முற்றத்தில் வந்து உட்காருகிறேன். கண்ணை மூடினால் குருவிச் சத்தம் கேட்கிறது. கண் திறந்துவிடுகிறது. பிறகு செடியைப் பார்க்கிறேன், மலையைப் பார்க்கிறேன். அரைமணி நேரம் போய்விடுகிறது. ஆண்டவருக்குக் கொடுக்கவேண்டிய நேரத்தை நான் உலகத்திற்குக் கொடுத்துவிடுகிறேனா ஐயா?"

என் மனம் குத்துண்டது. காரணம் உண்டு. முந்தின மாதத்து உபவாச ஜெபத்தில், வேடிக்கை பார்த்துக் கழிக்கும் நேரமெல்லாம் கர்த்தரிடத்திலிருந்து திருடின நேரம் என்று நான்தான் உரத்த சத்தமாய்ப் பிரசங்கித்திருந்தேன். தொலைக்காட்சியையும் கைபேசியையும் மனதில் வைத்துச் சொன்ன வார்த்தை, கைபேசியைத் தொடாத ஒரு தாயாரின் காலைப்பொழுதைப் போய்க் காயப்படுத்தியிருந்தது.

அதற்குப் பதில் சொல்லுமுன், அவர்கள் மகன் ஒரு தாளை எடுத்துக்கொண்டு வந்தார். முந்தின வாரம் நள்ளிரவுக்குப்பின் ஒரு சிறுத்தை அந்தச் சந்து வழியே நடந்துபோனது ஒரு வீட்டின் கேமராவில் பதிவாகியிருந்தது. தெருநாய் ஒன்றைக் காணோம். அந்தச் சிறுத்தையைக் கூண்டு வைத்துப் பிடித்துத் தூரமான காட்டில் விடவேண்டும் என்று அப்பகுதியினர் மனு எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். "பாஸ்டர், நீங்களும் கையெழுத்துப் போட்டால் நன்றாயிருக்கும். எனக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்" என்றார்.

"தம்பி, ஒரு வாரம் பொறுங்கள்" என்று சொல்லி இறங்கினேன். தாயாரின் கேள்விக்கும் மகனின் தாளுக்கும் ஒரே சங்கீதத்தில் பதில் இருப்பதை அன்று இரவு வேதத்தைத் திறந்தபோது கண்டேன். அதையே இம்மாதம் உங்களோடும் பகிர்ந்துகொள்ளுகிறேன்.

பார்ப்பதும் கீழ்ப்படிதலே

முதலாவது, தாயாரின் கேள்வி. ஆதியாகமம் 2:9ஐக் கவனியுங்கள். தேவன் ஏதேனில் மரங்களை முளைக்கப்பண்ணினபோது, அவை பார்வைக்கு அழகாயிருந்ததை முதலில் சொல்லி, புசிப்புக்கு நலமாயிருந்ததைப் பிறகுதான் வேதம் சொல்லுகிறது. மனிதன் பாவம் செய்யுமுன்னமே அவன் கண்களுக்கென்று அழகு ஆயத்தம்பண்ணப்பட்டிருந்தது.

மலைப்பிரசங்கத்தில் (மத்தேயு 6:26, 28) நம்முடைய ஆண்டவர் கவலைப்படுகிற ஜனங்களுக்கு இரண்டு கட்டளைகள் கொடுத்தார். ஒன்று ஆகாயத்துப் பறவைகளைப் பற்றியது; மற்றொன்று காட்டுப்புஷ்பங்களைப் பற்றியது. இரண்டாவது கட்டளையில் வரும் கிரேக்கச் சொல்லுக்கு, மேலோட்டமாய்ப் பார்ப்பது என்று பொருளல்ல. மாணவன் பாடத்தைப் படிப்பதுபோல நன்றாய்க் கற்றுக்கொள்வது என்று பொருள். வேதாகமக் கல்லூரியில் நான் அந்தச் சொல்லைப் படித்துத் தேர்வும் எழுதினேன். ஆனால் ஒரு பூவின் முன்னால் ஐந்து நிமிடம் உட்கார்ந்து அந்தக் கட்டளைக்குக் கீழ்ப்படிந்தேனா என்றால் இல்லை. அந்தத் தாயார் கீழ்ப்படிந்துகொண்டிருந்தார்கள். என் பிரசங்கம் அதைக் குற்றமாக்கிவிட்டது.

அவர்கள் எவ்வளவு கற்றிருந்தார்கள் என்பதை அடுத்த வாரம் நேரில் கண்டேன். காலை ஐந்தரைக்கே போய் அந்த முற்றத்தில் அமர்ந்தேன். கிழக்கே பார்த்த சரிவு அது. கீழே இரயில் பாதை, அடுக்குமாடிகள், அவற்றுக்கப்பால் தானே கழிமுகம் ஒரு வெள்ளிக்கோடுபோல; அதற்கும் அப்பால் பார்சிக் குன்றின் பின்னாலிருந்து சூரியன் எழும்பிற்று. முதலில் சின்னான் குரல் கொடுத்தது. பிறகு, பித்தளைப் பாத்திரத்தைக் கன்னான் தட்டுவதுபோல விடாமல் ஒரு சத்தம். "அது குக்குறுவான் ஐயா. காட்டு அத்தி பழுத்தால் விடமாட்டான்" என்றார்கள்.

பிறகு செம்பருத்தியின் ஒரு இலையை மெதுவாய் விலக்கிக் காட்டினார்கள். தையல்சிட்டின் கூடு. என் கட்டைவிரல் பருமனுள்ள அந்தப் பறவை, இலையின் ஓரங்களில் அலகால் துளையிட்டு, சிலந்தி நூலையும் பஞ்சிழையையும் கோத்து, இலையை ஒரு பைபோல் தைத்திருந்தது. துளைகள் மிகச் சிறியவை ஆகையால் இலை வாடாமல் பச்சையாகவே இருந்தது. பச்சையாயிருப்பதால் அதைக் கூடு என்று யாரும் கண்டுபிடிப்பதில்லை. உள்ளே மூன்று முட்டைகள். "பன்னிரண்டு நாளில் பொரிக்கும். அதுவரைக்கும் அந்தப் பக்கம் தண்ணீர் ஊற்றவும் பயம்" என்றார்கள். குருவிக்கூட்டைக் கண்டால் தாயையும் குஞ்சையும் சேர்த்து எடுக்கலாகாது என்று உபாகமம் 22:6, 7 சொல்லுகிறது. இஸ்ரவேலுக்குக் கொடுக்கப்பட்ட பிரமாணத்தில் ஒரு குருவிக்கும் இடமிருந்தது.

மலையை நோக்கிக் கைகாட்டி இன்னொன்றும் சொன்னார்கள். அந்தக் காட்டில் கார்வி என்று ஒரு செடி உண்டு. கொடைக்கானலிலும் நீலகிரியிலும் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கிற நம் குறிஞ்சியின் இனத்தைச் சேர்ந்தது. இது 8 ஆண்டுகளுக்கு ஒருமுறை மழைக்காலத்தின் பிற்பகுதியில் ஊதா நிறமாய்ப் பூத்து, விதையைக் கொடுத்துவிட்டு மடிந்துபோகும். "2016இல் பூத்தபோது என் வீட்டுக்காரரும் நானும் சேர்ந்து பார்த்தோம். 2024இல் நான் மட்டும் பார்த்தேன். அடுத்தது 2032. அதற்குள் ஆண்டவர் வந்துவிடுவார் ஐயா" என்றார்கள். கண் கலங்கியிருந்தது, முகம் மலர்ந்திருந்தது.

வருகைக்குக் காத்திருக்கிறவர்கள் செடி நடலாமா என்று கேட்பவர்கள் நம் சபைகளில் உண்டு. எரேமியா 29:5ஐப் பாருங்கள். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன தம்முடைய ஜனத்திற்கு, அங்கே வீடு கட்டிக் குடியிருக்கவும், தோட்டங்களை நாட்டி அவற்றின் கனியைச் சாப்பிடவும் கர்த்தர் கடிதம் மூலமாய்க் கட்டளையிட்டார். திரும்பும் நாள் குறிக்கப்பட்டிருந்தும், அந்நிய நகரத்தில் தோட்டம் நடச் சொன்னார். பிழைப்புக்காக மும்பைக்கும், பூனாவுக்கும், பெங்களூருக்கும், டெல்லிக்கும் வந்த நாம், "ஊருக்குப் போய்த் தோட்டம் போட்டுக்கொள்ளலாம்" என்று சொல்லிச் சொல்லியே முப்பது வருடங்களைக் கழித்துவிடுகிறோம். அந்தத் தாயார் பெயிண்ட் டப்பாவில் கத்தரி நட்டு எரேமியாவின் கடிதத்திற்குக் கீழ்ப்படிந்துவிட்டார்கள்.

ஓர் எல்லையும் உண்டு. சிருஷ்டிகரை விட்டுச் சிருஷ்டியைத் தொழுகிறவர்களைக் குறித்து ரோமர் 1:25 எச்சரிக்கிறது. நம் பார்வை எங்கே போய் முடிகிறது என்பதே கேள்வி. ஸ்தோத்திரத்தில் முடிந்தால் அது ஆராதனை. ஆகவே அந்தத் தாயாரிடம், "அம்மா, இனிமேல் கண்ணைத் திறந்துகொண்டே ஜெபியுங்கள். பார்ப்பதையெல்லாம் பேர் சொல்லி ஆண்டவருக்கு நன்றி சொல்லுங்கள். என் பிரசங்கத்தில் நான் அவசரப்பட்டுவிட்டேன், மன்னியுங்கள்" என்றேன்.

இரவு யாருக்கு, பகல் யாருக்கு?

இரண்டாவது, மகனின் தாள். குருவியையும் பூவையும் கொண்டாடுவது எளிது. ஆனால் அதே மலையிலிருந்துதான் சிறுத்தையும் இறங்கி வருகிறது.

சங்கீதம் 104, பறவைகளுக்கு மரங்களையும், வரையாடுகளுக்கு உயர்ந்த மலைகளையும், குழிமுசல்களுக்குக் கன்மலைகளையும் வீடாகப் பங்கிடுகிறது. பின்பு 20 முதல் 23 வரையுள்ள வசனங்களில் நேரத்தையும் பங்கிடுகிறது. இருள் வரும்போது காட்டு ஜீவன்கள் நடமாடும். பாலசிங்கங்கள் தேவனிடத்தில் இரை தேடும். சூரியன் உதித்ததும் அவை தங்கள் இடங்களுக்குத் திரும்பும். அப்பொழுது மனிதன் வேலைக்குப் புறப்பட்டு மாலைவரை உழைப்பான். இரவு மிருகத்தின் வேலைநேரம். பகல் மனிதனின் வேலைநேரம். இந்த ஒழுங்கைச் சங்கீதக்காரன் பயத்தோடு சொல்லவில்லை, துதியோடு சொல்லுகிறான்.

வனத்துறையினர் இன்று மலையடியில் வாழ்வோருக்குச் சொல்லுகிற ஆலோசனையும் இதுவேதான். இருட்டியபின் பிள்ளைகளைத் தனியே வெளியே விடாதிருங்கள். இரவில் கழிப்பிடத்திற்குப் போகவேண்டுமானால் இருவராக, டார்ச்சு விளக்கோடு, சத்தமாய்ப் பேசிக்கொண்டு போங்கள். குப்பையைக் குவிக்காதிருங்கள், குப்பைக்கு நாய் வரும், நாயைத் தேடிச் சிறுத்தை வரும்.

ஏறக்குறைய 104 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்தப் பூங்காவைப் பெரும்பாலும் நகரமே சூழ்ந்துள்ளது. 2015ஆம் ஆண்டு கேமராக்கள் வைத்து ஆராய்ந்தபோது, பூங்காவிலும் அதை ஒட்டிய இடங்களிலுமாக 35 சிறுத்தைகள் அடையாளம் காணப்பட்டன. அத்தனை சிறுத்தைகள் இலட்சக்கணக்கான மக்களின் பக்கத்தில், பெரும்பாலான இரவுகளில் ஒருவர் கண்ணிலும் படாமல் வாழ்ந்துவருகின்றன. ஒரு சிறுத்தையைப் பிடித்துத் தூரத்தில் விட்டால் அந்த இடம் காலியாக இராது. வேறொரு சிறுத்தை வந்து பிடித்துக்கொள்ளும். புனே மாவட்டத்து ஜுன்னர் பகுதியில் 2001க்குப் பின் சிறுத்தைகள் பெருமளவில் பிடித்து இடம் மாற்றப்பட்டபோது, மனிதர்மேல் தாக்குதல்கள் குறையவில்லை, அதிகரித்தன என்று ஆராய்ச்சியாளர் கண்டார்கள். இதையெல்லாம் அந்தத் தம்பியிடம் எடுத்துச் சொல்லி, "இந்தத் தாளில் நான் கையெழுத்துப் போடமாட்டேன், ஆனால் உங்கள் பிள்ளைகளைக் காக்கிற வேலையில் முதல் ஆளாய் நிற்பேன்" என்றேன்.

அவர் முகம் வாடிற்று. அவருடைய பயம் அவிசுவாசமல்ல. 2004ஆம் ஆண்டில் இந்தப் பூங்காவைச் சுற்றிலும் பலர் சிறுத்தைகளால் உயிரிழந்தார்கள். 2022ஆம் ஆண்டு அக்டோபரில், தீபாவளி நாள் விடியற்காலையில், ஆரே காலனியில் இரண்டு வயதுகூட நிரம்பாத ஒரு பெண்குழந்தையைச் சிறுத்தை கொண்டுபோயிற்று. பெற்ற வயிறு எப்படித் துடித்திருக்கும்! அப்படிப்பட்ட தகப்பனையும் தாயையும் பார்த்து, "இயற்கையை நேசியுங்கள்" என்று சும்மா சொல்லிவிட்டுப் போக எந்த ஊழியனுக்கும் உரிமையில்லை.

மறுபக்கத்தில், அங்கிருந்த இன்னொரு சகோதரர், "பாஸ்டர், சங்கீதம் 91 இருக்கும்போது நமக்கென்ன பயம்? விசுவாசியைச் சிறுத்தை தொடாது" என்றார். பிரியமானவர்களே, அந்தச் சங்கீதத்தை எடுத்துக்காட்டித்தான் பிசாசு நம் ஆண்டவரைத் தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதிக்கச் சொன்னான். கர்த்தரைப் பரீட்சை பார்க்கலாகாது என்று ஆண்டவர் பதில் கொடுத்ததை மத்தேயு 4:7இல் வாசிக்கிறோம். பாதுகாக்கிற தேவனை நம்புகிறவன், இருட்டில் பிள்ளையைத் தனியே அனுப்பமாட்டான். புலியும் வெள்ளாட்டுக்குட்டியும் ஒன்றாய்ப் படுத்திருக்கும் ஏசாயா 11ஆம் அதிகாரத்தின் நாள் வரும், இன்னும் வரவில்லை.

ஆகவே வேலையில் இறங்கினோம். சந்தின் கடைசியில் கோழிக்கடைக் கழிவும் வீட்டுக் குப்பையும் பல வருடமாய்க் குவிந்திருந்தன. ஒரு சனிக்கிழமை சபையின் வாலிபர் பன்னிரண்டுபேர், அக்கம்பக்கத்து மராத்தி, உத்தரப்பிரதேசக் குடும்பங்களின் பிள்ளைகளோடு சேர்ந்து, சாக்குகளில் அள்ளி எழுபது படிகளும் இறக்கி மாநகராட்சி லாரிக்குக் கொண்டுபோனார்கள். கோழிக்கடைக்காரரிடம் பேசி, கழிவை மூடின டிரம்மில் வைக்க ஒத்துக்கொள்ளச் செய்தோம். கழிப்பிடத்துக்குப் போகிற வழியில் இரண்டு விளக்குகள் போட்டோம். டியூஷன் முடிந்து வரும் பிள்ளைகளைப் பெரியவர்கள் முறைவைத்து அழைத்துவருகிறார்கள். மனு எழுதினவர்களே இந்த முறைப்பட்டியலையும் எழுதினார்கள்.

யோனாவின் செடி

கடைசியாக ஒரு வார்த்தை, செடியை நேசிக்கிற எல்லாருக்கும். யோனா 4ஆம் அதிகாரத்தில் தீர்க்கதரிசி தனக்கு நிழல் கொடுத்த ஆமணக்குச் செடியின்மேல் மிகுந்த சந்தோஷப்பட்டான். அதில் தவறில்லை, செடியைக் கொடுத்தவர் கர்த்தர். ஆனால் தன் செடி வாடினதற்காகத் துக்கித்த அவன், கீழே கிடந்த பட்டணத்துக்காகத் துக்கிக்கவில்லை. அங்கே இலட்சத்து இருபதினாயிரத்துக்கு அதிகமான மனிதரும் அநேக மிருகஜீவன்களும் இருப்பதைக் கர்த்தர் அவனுக்கு நினைப்பூட்டவேண்டியிருந்தது. நம் முற்றத்துச் செடி, பக்கத்து வீட்டுக்காரரை மறக்கச் செய்யுமானால் அது யோனாவின் செடிதான். மல்லிகையில் ஒரு கைப்பிடி, கறிவேப்பிலையில் ஒரு கொத்து அடுத்த வீட்டுக்குப் போகட்டும்.

மலைச்சரிவில் குடியிருப்போருக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். 2021 ஜூலை 18 அன்று செம்பூரில் பெருமழையால் சரிவோரத்துச் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த 19 பேர் மாண்டார்கள். முற்றத்தைப் பெரிதாக்க மலையை வெட்டாதிருங்கள். தண்ணீர் வடியும் வழியைத் தொட்டிகளால் அடைக்காதிருங்கள். மழையில் இறங்கச் சொல்லி அறிவிப்பு வந்தால், செடிகளை விட்டுவிட்டு உடனே இறங்கிவிடுங்கள். செடியை மறுபடியும் நடலாம்.

மலையும் முற்றமும் இல்லாத வீடுகளில் இருப்பவர்கள் மனம் சோர வேண்டாம். சன்னல் கம்பியில் ஒரு கற்பூரவல்லிக்குச்சி போதும். ஒடித்து நட்டாலே பிழைக்கும். இந்த மாதம் தினமும் காலையில் பத்து நிமிடம் குடும்பமாய்ச் சன்னலண்டை நின்று, சங்கீதம் 104இல் சில வசனங்களை உரக்க வாசியுங்கள். பிறகு, வெளியே காண்கிற ஒரு ஜீவனையோ மரத்தையோ பேர் சொல்லி ஒவ்வொருவரும் ஸ்தோத்திரம் பண்ணட்டும். பேர் தெரியாவிட்டால் பிள்ளைகள் கேட்டு அறிந்துகொள்ளட்டும். விருட்சங்களையும் பறவைகளையும் குறித்துப் பேசின சாலொமோனின் ஞானத்தை 1 இராஜாக்கள் 4:33 எழுதிவைத்திருக்கிறது.

போன மாதம் மறுபடியும் அந்தப் படிகளை ஏறினேன். தையல்சிட்டின் மூன்று குஞ்சுகளும் பறந்துபோயிருந்தன. காய்ந்த நூலோடு அந்த இலை இன்னும் செடியில் இருந்தது. தாயார் அதைக் கிள்ளவில்லை. சிறுத்தை இன்னும் காட்டில்தான் இருக்கிறது. சந்து சுத்தமானபின் பல வாரங்கள் கேமராவில் காணவில்லை. பிறகு ஒருநாள் இரவு மூன்று மணிக்கு, நிற்காமல் நேராய் நடந்துபோயிருக்கிறது. மகன் அந்தப் படத்தைக் கைபேசியில் காட்டினார். அவர் முகத்தில் பயம் முழுவதும் போய்விடவில்லை. தாயார் எட்டிப் பார்த்துவிட்டு, "அதுவும் ஆண்டவரிடத்தில் ஆகாரம் கேட்டுத்தான் போகுது. நம்ம தெருவில் அதற்கு ஒன்றும் வைக்காதீங்கப்பா, அவரே காட்டில் கொடுப்பார்" என்றார்கள்.

பிறகு நாங்கள் முற்றத்தில் நின்று, கண்களைத் திறந்துகொண்டே ஜெபித்தோம்.

வானத்தையும் பூமியையும் உண்டாக்கின கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காத்து, உங்கள் பிள்ளைகளையும் உங்கள் வாசலண்டை நிற்கும் செடிகளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.